பின்பக்கத்தில் எழுதியது

காது பார்க்கும் பகுதியில்
பெயரை வாயால்தான் கூப்பிடுகிறார்கள்.

இருட்டோடு லாபிஸில் பஸ் ஏறி
சிகாமட்டில் நம்பர் எடுத்து
கூரையில் பதித்த ஒலிபெருக்கியையே
பார்த்துக்கொண்டிருந்தேன்,
பார்த்தால் கேட்கும் என்பதுபோல.
பதினொன்றரைக்கு எழுந்து போய்க் கேட்டேன்.
கவுண்டர் பெண் மூன்று விரல் காட்டினாள்.
பாவூனாமா, பாவூனாமா, பாவூனாமா.
மூன்று முறையும்
பவுனம்மா அங்கேதான் இருந்தேன்.

பதினேழு வருடம் செம்பனை ஆலையில்
கொட்டை உடைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில்.
ஆரஞ்சு நிற அடைப்பான் இரண்டு
கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன்,
மேலிடத்து ஆட்கள் பார்வையிட வரும் நாளில்.
சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

காது ஒரே நாளில் போகவில்லை.
முதலில் சொற்களின் தலை போனது.
கடை, சடை, படை, தடை
எல்லாம் எனக்கு அடையாகவே வந்து சேர்ந்தன.
கடைக்குப் போகச் சொன்ன மருமகளுக்கு
ஒருநாள் நிஜமாகவே அடை சுட்டு வைத்தேன்.
அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்,
எதற்கென்று தெரியாமல்.

சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்றார்கள்.
பெட்டி போன்ற அறை, நடுவில் கண்ணாடி.
கேட்கவில்லை. ஆனால்
அந்தப் பக்கம் அவள் தோள் லேசாக அசைவது தெரிந்தது.
அசைந்தபோதெல்லாம் அழுத்தினேன்.
தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு.
பரீட்சை என்றால் தேற வேண்டும்,
அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.
தேறிவிட்டேன்.
'பரவாயில்லை, எட்டு மாதம் கழித்து வா.'

அந்த எட்டு மாதத்தில்
ஒரு மோட்டார் சைக்கிள் முழங்கையை உரசிப் போனது.
வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து
'ஒன்றுமில்லை' என்று கையசைக்கப் பழகிக்கொண்டார்.

அடுத்த முறை வேறு பெண்.
ஷஃபிகா என்று சட்டையில் எழுதியிருந்தது.
முகக்கவசத்தை இறக்கினாள்,
உதடு தெரிந்தது,
பாதி வைத்தியம் அதிலேயே முடிந்தது.
பிறகு சிரித்துக்கொண்டே
என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள்.
இந்த முறை தோற்றேன். நன்றாகத் தோற்றேன்.

சொல்வதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள்.
எல்லாம் மலாய்ச் சொற்கள்.
மலாய் தெரியும்: மார்க்கெட்டுக்கு, பேங்குக்கு,
ஆலை சூப்பர்வைசருக்கு.
வீட்டில் எனக்குத் தொலைந்துகொண்டிருப்பது தமிழ்.
கடையும் தடையும் அந்தப் பட்டியலில் இல்லை.
'உங்கள் மொழியில் இங்கே இல்லை, அக்கா' என்றாள்,
உதட்டை நிதானமாக அசைத்து.
அவள் வருத்தப்பட்டதும் எனக்குத் தெரிந்தது.

கருவி மாட்டிய அன்று பஸ்ஸில்
யாரோ ரொட்டிப் பையைப் பிரித்தார்கள்.
தகரம் கிழிந்தது.
வீட்டில் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டேன்.
என் குரல் என்மேலேயே வந்து விழுந்தது.
இத்தனை காலமும் கத்தியா பேசினேன்?
வீட்டுக்காரர் தலையாட்டினார்.
பக்கத்து வீட்டிலும் ஆட்டியிருப்பார்கள்.

பேட்டரி எட்டு நாள் தாங்கும்.
லாபிஸ் கடைத்தெருவில்
கைக்கடிகாரத்துக்கு உண்டு, காதுக்கு இல்லை.
ஒன்பதாம் நாள் மறுபடி அடை.

பேட்டரி வாங்கப் போனபோது படிவம் நீட்டினார்கள்.
சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம்.
ஒன்றில் கோடு போட வேண்டும்.
எந்த முகத்திலும் காது வரையவில்லை.
திருப்பிப் போட்டு, தமிழில் எழுதினேன்:
எண்ணைத் திரையில் காட்டுங்கள்.
திரை இல்லையென்றால் எழுந்து வந்து
தோளைத் தொடுங்கள்.
வாயை மூடிக்கொண்டு பேசாதீர்கள்.
பேட்டரியைத் தபாலில் அனுப்ப முடியுமா?
ஷஃபிகாவை மாற்றிவிடாதீர்கள்.

படிக்க ஆள் இருக்குமோ, இருக்காதோ.
மடித்துப் பெட்டியில் போட்டேன்.
விழுந்த சத்தம் கேட்டது.
அடியில் வேறு காகிதமே இல்லாத
சத்தம்.